அப்பாவை, அப்பாருவை (தாத்தாவை) நினைவுகூர்தல்: கிறிஸ்தவக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்துச் சபைகளில் ஒரு குடும்பத் தலைவர் இறந்தால், அடக்கம் முடிந்த இரண்டு மூன்று நாளில் வீட்டார் ஒரே மாதிரியான சந்தேகங்களோடு வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியது. கத்தோலிக்க முறை வேறுபடும் இடங்களைச் சொல்லியிருக்கிறோம்.

அடக்கம் முடிஞ்சுதுங்க. ஒண்ணுமே ஓடமாட்டேங்குது. முதல்ல எதைச் செய்யறது?

முதல் வாரத்தில் மூன்று வேலை போதும். ஒன்று, இறப்புப் பதிவு. ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள். வீட்டில் இறந்திருந்தால் 21 நாளுக்குள் வீட்டார்தான் பதிய வேண்டும். பெயரை ஆதாரில் இருக்கிறபடி, இனிஷியல் உட்பட, எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று என்று இரண்டு பெயரோடு வாழ்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். சான்றிதழில் பெயர் மாறினால் வாரிசுச் சான்றிதழ், வங்கி, பென்ஷன் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு, சபையின் அடக்கப் பதிவேட்டில் பெயர், வயது, தேதி ஏறியிருக்கிறதா என்று ஆயரிடம் (சபைப் போதகரிடம்) கேளுங்கள். மூன்று, அவருடைய கைப்பேசி. அதை அணைத்துப் பீரோவில் வைத்துவிடாதீர்கள். 90 நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் சும்மா இருந்தால் அழிக்கப்படும். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அவர் ஜெபித்து அனுப்பிய குரல் பதிவுகள் அதில் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வேறு இடத்தில் சேமித்து, தேதியையும் யாருக்கு அனுப்பியது என்பதையும் கோப்பின் பெயராகப் போடுங்கள். வங்கி வேலை முடியும்வரை ரீசார்ஜ் தொடரட்டும்.

நினைவு ஆராதனை எந்த நாள்ல வெக்கோணும்? மூணா, பதினாறா, முப்பதா?

சி.எஸ்.ஐ.யில் இன்ன நாள் என்று விதி கிடையாது. பதினாறு என்பது ஊர் வழக்கத்திலிருந்து நம் வீடுகளுக்குள் வந்த கணக்கு. அதை வைத்தாலும் பாவமில்லை, விட்டாலும் குறையில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் லீவு, ஆயருடைய நேரம், அம்மாவின் உடம்பு, இந்த மூன்றும் ஒத்துவரும் நாளே நல்ல நாள். பரிசுத்த வாரத்தையும் கிறிஸ்துமஸ் வாரத்தையும் தவிர்த்துக் கேளுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவுத் திருப்பலிகள் வழக்கம். திருப்பலிக் கருத்தை, அதாவது யாருக்காகப் பூசை என்பதை, பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். காலையில் போய்ச் சொன்னால் வேறொருவர் பெயர் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

அட்டையில "காலமானார்"னு போடறதா, "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்"னு போடறதா?

இரண்டாவதுதான் நம் வழக்கு. உயிர்த்தெழுதலின் நம்பிக்கை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கத்தோலிக்கர் "இறைவனடி சேர்ந்தார்", "ஆண்டவரில் துயில்கொண்டார்" என்று போடுவார்கள். "இறையடி சேர்ந்த அமரர்" என்று பல சொல்லை ஒன்றாகக் கட்டாதீர்கள். ஒன்று போதும்.

அட்டையில் கட்டாயம் வேண்டியவை: முழுப் பெயர், வயது, இறந்த தேதி, ஆராதனை நடக்கும் ஆலயம், நேரம், அழைப்பவர்கள். அழைப்பவர்களில் மனைவி பெயர் முதலில் வர வேண்டும். மகன்கள், மருமகன்கள், சம்பந்திகள் என்று பெரிய எழுத்தில் அடுக்கிவிட்டு, ஐம்பது வருசம் கூட வாழ்ந்தவளைக் கடைசி வரியில் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

மகன் வீட்டுப் பிள்ளைங்க அப்பாருன்னு கூப்புடும், மகள் வீட்டுப் பிள்ளைங்க அப்புச்சின்னு. எதைப் போடறதுங்க?

இரண்டையும் போடுங்கள். "தாத்தா" என்று பொதுவாகப் போட்டால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அது வேறு யாரோ போலிருக்கும். "எங்கள் அப்பாரு, அப்புச்சி" என்று ஒரே வரியில் போட்டால் படிக்கிற எல்லோருக்கும் குடும்பம் புரியும். பிள்ளைகள் பேசும்போதும் அவரவர் அழைத்தபடியே அழைக்கட்டும்.

வாழ்க்கைக் குறிப்பு எழுதச் சொன்னாங்க. நல்லவரு, பக்தியானவருன்னு எழுதினதுக்கு மேல ஒண்ணும் வரலீங்க.

அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு ஆரம்பியுங்கள், வந்துவிடும். "ஆலயப் பணியில் ஆர்வமுள்ளவர்" என்பது யாருக்கும் பொருந்தும். "ஞாயிறு காலை ஆறரைக்கே சாவியோடு போய்க் கோயிலைத் திறப்பார், பவானி ஜமக்காளத்தை வாசலில் கொண்டுபோய் உதறி, சுருக்கம் இல்லாமல் விரித்து, ஓரத்தைக் காலால் நீவிவிடுவார்" என்பது ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தும். கேட்கிற சபை அந்த இடத்தில் அவரைப் பார்த்துவிடும்.

வீட்டில் ஐந்து பேரிடம் தனித்தனியாக இதைக் கேளுங்கள்: காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்? எந்தப் பாட்டை முணுமுணுப்பார்? ஜெபத்தில் தவறாமல் யார் பெயரைச் சொல்வார்? எதற்குக் கோபப்படுவார்? காணிக்கைக் கவரை எப்போது எடுத்து வைப்பார்? எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் மூத்தவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். சத்தமில்லாத மருமகளிடம்தான் பெரும்பாலும் நல்ல செய்தி கிடைக்கும்.

நீளம் 400 சொல்லுக்குள் இருக்கட்டும். நிறுத்தி வாசித்தால் ஐந்து நிமிடம் ஆகும். பிறப்பு, பெற்றோர், ஞானஸ்நானம், திடப்படுத்தல், வேலை, திருமணம், சபைப் பொறுப்புகள் எல்லாம் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. வாசிக்கிறவர் அழுதால் தொடர்ந்து வாசிக்க இன்னொருவர் கையில் ஒரு நகல் இருக்க வேண்டும்.

பிறந்த தேதி ஸ்கூல் சர்டிபிகேட்ல ஒண்ணு, கோயில் ரெஜிஸ்டர்ல ஒண்ணு. எது சரிங்க?

பள்ளியில் சேர்க்க வேண்டி வயதைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். குழந்தை ஞானஸ்நானம் பிறந்த சில மாதங்களில் எழுதப்பட்டது, அதனால் ஞானஸ்நானப் பதிவேட்டையே நம்பலாம். அரசு காகிதங்களுக்குப் பள்ளித் தேதி, கல்வெட்டுக்கும் வாழ்க்கைக் குறிப்புக்கும் பதிவேட்டுத் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27. அதற்கு முன் பிறந்தவர் என்றால் பழைய மிஷன் பதிவேட்டில் தேட வேண்டும். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் லண்டன் மிஷன், கரூர், தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன். தேடும்போது அவர் பெயரை விட்டு அவருடைய அப்பா பெயரையும் ஊரையும் வைத்துத் தேடுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஏட்டில் இருக்காது.

ஆராதனை எவ்வளவு நேரம்? யார் யாரு பேசறது?

ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால். அவருக்குப் பிடித்த பாடல் இரண்டு, ஆரம்ப ஜெபம், வேத வாசிப்பு, வாழ்க்கைக் குறிப்பு, மூன்று பேர் சாட்சி, அருளுரை பதினைந்து இருபது நிமிடம், நன்றி, ஆசீர்வாதம். வேத வாசிப்பைப் பேரப்பிள்ளை ஒருவருக்குக் கொடுங்கள்.

கெட்டுப்போகும் இடம் சாட்சி. "யாராவது பேச விரும்பினால் வரலாம்" என்று மைக்கைத் திறந்தால் பத்துப் பேர் வருவார்கள். ஏழாவது ஆள் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டிலிருந்து ஒருவர், வேலை செய்த இடத்திலிருந்து ஒருவர், சபையிலிருந்து ஒருவர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று முன்பே சொல்லிவையுங்கள். மற்றவர்கள் எழுதித் தர வாசலில் ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் வையுங்கள். அந்த நோட்டு பிறகு பெரிய சொத்து.

அம்மாவைப் பேச வெக்கலாமா?

கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள். நிறையப் பேருக்கு மேடை வேண்டாம், சொல்ல விஷயம் இருக்கும். முந்தின வாரம் சாயந்திரம் பக்கத்தில் உட்கார்ந்து பேச விட்டு, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து, அதிலிருந்து நான்கு வரியை மகளோ பேத்தியோ வாசிக்கலாம்.

தாலியைக் கழட்டோணும், வெள்ளைச் சேலை கட்டோணும்னு சொந்தத்துல சொல்றாங்க.

சபையின் அடக்க முறைமையில் அப்படி ஒரு சடங்கே இல்லை. அம்மா விரும்பினால் போட்டிருக்கலாம், விரும்பினால் தனியாகக் கழற்றிப் பேத்திக்கு எடுத்து வைக்கலாம். நாலு பேர் கூடி நின்று கழற்றுவது மட்டும் நடக்கவே கூடாது. இதில் மகன்கள் முன்னால் வந்து, "அம்மா இஷ்டம்" என்று ஒரே வார்த்தையில் முடிக்க வேண்டும். அம்மாவையே பதில் சொல்ல விட்டுவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள்.

அப்பாவோட அண்ணன் தம்பிங்க சாமி கும்பிடறவங்க. கோடி போடறோம், காரியம் பண்றோம்ங்கறாங்க. எப்படிச் சொல்றது?

அவர்களும் துக்கத்தில் இருக்கிறவர்கள் என்பதை முதலில் மனதில் வையுங்கள். "வேண்டாம்" என்று வாசலில் சொல்வதைவிட, வீட்டில் மூத்த ஒருவர் முன்னாலேயே நேரில் போய், "பெரியப்பா, அவரு விசுவாசப்படி ஆராதனை மட்டுந்தானுங்க. நீங்க முன் வரிசைல உக்காரோணும், அவரு சின்ன வயசப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லோணும்" என்று அழைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அண்ணன் தம்பி மட்டுமே சொல்லக்கூடிய சிறுவயதுச் செய்தி சபைக்குக் கிடைக்கும்.

கொண்டுவந்த துணியை அன்பளிப்பாக அம்மாவிடம் கொடுக்கச் சொல்லலாம். ஆராதனையில் எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்று பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். சாப்பாட்டில் அவர்களுக்கு ஆகாதது எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்துக்கு மாலை போடலாமா? விளக்கு ஏத்தலாமா?

மாலை மரியாதைக்குப் போடுவது. சில குடும்பங்களுக்கு அது சங்கடம், அவர்கள் படத்தின் கீழே பூக்கொத்து வைக்கிறார்கள். சூடம், படையல் கிடையாது. மெழுகுவர்த்தி பல சபைகளில் உண்டு. உங்கள் ஆயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படம் பீடத்துக்கு நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணலாமா? மகள் ஆர்.சி. வீட்டுல இருக்கறா, அவங்க பூசை வெக்கறோம்ங்கறாங்க.

சி.எஸ்.ஐ. ஆராதனையில் அவருடைய வாழ்வுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறோம், இருக்கிறவர்களின் ஆறுதலுக்காக ஜெபிக்கிறோம். கத்தோலிக்கர் இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும் மன்றாடுவார்கள். மகள் தன் பங்கில் திருப்பலி ஒப்புக்கொடுப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. அண்ணன்மார் போய் உட்கார்ந்தாலே தங்கைக்குப் பெரிய ஆறுதல்.

அச்சடிக்கும்போது மட்டும் ஒன்று கவனியுங்கள். இரண்டு மொழிபெயர்ப்பைக் கலக்காதீர்கள். 23ஆம் சங்கீதம் நம் வேதாகமத்தில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", கத்தோலிக்கருடையதில் "ஆண்டவரே என் ஆயர்". அப்பா எதை மனப்பாடம் செய்தாரோ அதைப் போடுங்கள்.

நாலு வயசுப் பேரன், "அப்புச்சி எப்ப எந்திரிப்பாரு"ன்னு கேக்கறான். என்னங்க சொல்றது?

"தூங்கறாரு" என்று சொல்லாதீர்கள். அட்டையில் "நித்திரை" சரி, பெரியவர்களுக்கு அதன் பொருள் தெரியும். சின்னப் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டு தூங்கப் பயப்படும், அம்மா தூங்கினால் எழுப்பும். "அப்புச்சி இறந்துட்டாரு சாமி. அவரு உடம்பு இனிமே நடக்காது, பேசாது, வலிக்காது. இயேசுகிட்ட இருக்கறாரு. நாம அவரைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லுங்கள். அதே கேள்வியை நாளைக்கும் கேட்கும். அதே பதிலை அலுக்காமல் சொல்லுங்கள்.

வேலையும் கொடுங்கள். பூ வைக்க, பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்க, படம் வரைய. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் அவருடைய கண்ணாடி, கைக்கடிகாரம், பேனா என்று ஒரு பொருளைக் கேட்டால், "நீ சின்னப் பையன்" என்று தள்ளாதீர்கள்.

அவரோட பைபிளை யாரு வெச்சுக்கறது? ஓரமெல்லாம் எழுதி வெச்சிருக்காரு, அட்டை பிஞ்சு போச்சு.

அம்மா இருக்கும்வரை அம்மாவிடம். அதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம், ஃபிளாஷ் இல்லாமல். ஃபிளாஷ் போட்டால் தாள் பளபளத்து, பென்சில் கோடு மங்கும். வசனத்துக்குப் பக்கத்தில் வெறும் தேதி இருக்கும் இடங்களை அம்மாவிடம் காட்டிக் கேளுங்கள். ஒன்று ஆபரேஷன் நாளாக இருக்கும், ஒன்று மகளுக்கு வேலை கிடைத்த நாளாக இருக்கும். அந்த விளக்கம் அம்மாவோடு போய்விடக் கூடியது. தனி நோட்டில் உடனே எழுதுங்கள்.

செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருசத்தில் மஞ்சளாகிப் பசை தாளைத் தின்னும். லேமினேஷனும் வேண்டாம். நல்ல பைண்டரிடம் புது அட்டை கட்டலாம், ஆனால் ஓரத்தை வெட்டிச் சமன் செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் வெட்டுவார்கள், ஓரத்து எழுத்து போய்விடும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கைவாக்கில் வையுங்கள். உள்ளே இருக்கும் காய்ந்த பூ, சீட்டு, பழைய காலண்டர் தாள் எல்லாம் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்க எண்ணோடு கவரில் போடுங்கள்.

கல்லறை எப்பக் கட்டலாம்? முப்பதுக்குள்ள முடிக்கோணும்னு அண்ணன் நிக்கறாரு.

அவசரப்பட்டால் கல் சாயும். ஆறடி தோண்டி மூடிய மண் இறங்க நாள் எடுக்கும். குறைந்தது ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை கழியட்டும். பல்லடம், உடுமலை பக்கத்துக் கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்பும். அங்கே இரண்டு மழை பார்ப்பது நல்லது. அதுவரை மரச்சிலுவையும் பெயர்ப்பலகையும் போதும்.

கட்டும் முன் கல்லறைத் தோட்டக் கமிட்டியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அளவு, உயரம், பிற்பாடு அம்மாவுக்கு அதே இடத்தைத் திறக்கலாமா, எத்தனை வருசம் கழித்து என்பதையும் அப்போதே கேளுங்கள். பொதுவாக 7 அடிக்கு 3 அடி. மேலே மூடும் பலகையைப் பின்னால் தூக்க முடிகிற மாதிரி தனித்தனித் துண்டாகப் போடச் சொல்லுங்கள். முழுக் காங்கிரீட்டாக ஊற்றினால் திறக்கும் நாளில் உடைக்க வேண்டியிருக்கும்.

கல்லுல என்ன எழுதறது?

இரண்டடிக்கு ஒன்றரை அடி கருப்பு கிரானைட்டில் ஒன்பது வரிக்கு மேல் வேண்டாம். தமிழில் மேலே புள்ளியும் கீழே சுழியும் வரும், வரிகள் நெருங்கினால் ஒன்றோடொன்று இடிக்கும். பெயர், இரண்டு தேதி, ஒரு வசனம், "அன்பு மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்". வேலைப் பட்டம் அவசியமில்லை.

2 தீமோத்தேயு 4:7 தான் எல்லோரும் கேட்பது: "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்." அருமையான வசனம். ஆனாலும் முதலில் அவர் பைபிளில் அடிக்கோடிட்ட வசனங்களைப் பாருங்கள், அவருக்கென்றே ஒன்று இருக்கும். வெட்டும் முன் முழு அளவில் காகிதத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்று மூன்று பேர் படியுங்கள். ந, ன, ண பிழையும் தேதிப் பிழையும் அங்கேதான் பிடிபடும். தங்க வர்ணம் வெயிலில் சீக்கிரம் போய்விடும். எழுத்தை ஆழமாக வெட்டி வெள்ளை பூசச் சொல்லுங்கள்.

நினைவு மலர் போடலாம்னு இருக்கோம். எத்தனை பக்கம்?

நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கம் நாலின் மடங்காக வர வேண்டும். உள்ளே 16, அட்டை 4 தாராளம். பழைய படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கைப்பேசிப் படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து அச்சில் மங்கும். அச்சகத்தில் எழுத்துருவை மாற்றும்போது கொம்பும் துணைக்காலும் இடம் மாறும், அதனால் கடைசிப் பிரதியையும் வாசிக்காமல் விடாதீர்கள். வாசலில் வைத்த நோட்டிலிருந்து நல்ல வரிகளைச் சேருங்கள். அரசியல் பிரமுகர் செய்திக்குப் பக்கம் ஒதுக்குவதைவிட, அவர் கையெழுத்துப் பக்கம் ஒன்றைப் போடுங்கள்.

கோயிலுக்கு அவரு பேர்ல ஏதாச்சும் செய்யலாம்னு. ஃபேன் வாங்கித் தரலாமா?

முதலில் சேகரக் கமிட்டியிடம் (சபை நிர்வாகக் குழுவிடம்) என்ன தேவை என்று கேளுங்கள். ஏற்கெனவே நினைவு ஃபேன் நிறைய ஓடுகிற கோயில்கள் உண்டு. படிப்பு உதவி வைக்கலாம். ₹2,00,000 வைப்பு, 6.5 சதவீத வட்டி என்றால் வருசம் ₹13,000. ஒரு பிள்ளையின் கட்டணத்துக்கு உதவும். யார் தேர்ந்தெடுப்பது, எந்த மாதம் கொடுப்பது, வட்டி குறைந்தால் என்ன என்று தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி நகல் வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் ஆயர் மாறியதும் நின்றுபோகும்.

சொந்தமெல்லாம் வந்திருக்கறப்பவே பாகத்தைப் பேசிடலாம்ங்கறாங்க.

அன்றைக்கு வேண்டாம். வேறு நாள் குறியுங்கள். ஆனால் சட்டம் தெரிந்திருக்கட்டும்: கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் மகன், மகள் எல்லோருக்கும் சமம். "பொண்ணுக்குச் சீர் செஞ்சாச்சு" என்ற பேச்சு அங்கே செல்லாது.

உண்மையச் சொல்லோணும்னா அப்பா கடைசி மூணு வருசம் கமிட்டியோட சண்டை, கோயிலுக்கே போகலீங்க. அதை எப்படி எழுதறது?

அந்த வருசங்களைப் பொய்யால் நிரப்பாதீர்கள். கேட்கிற சபைக்குத் தெரியும், அது அவருக்கே அவமானமாகும். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சும் வேண்டாம். "கடைசி ஆண்டுகளில் வீட்டிலேயே ஜெபித்துவந்தார்" என்பது உண்மையானால் அது போதும். சண்டை போட்டவர்களில் ஒருவர் வந்து கையைப் பிடித்தால், அன்றைக்குப் பழையதைப் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். குடித்த நாட்கள், கோபத்தில் அடித்த நாட்கள் இருந்தால் அதுவும் இப்படியே. மேடையில் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வீட்டில் யாராவது அழுது சொன்னால், "செத்தவரைப் பத்தி அப்படிப் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள்.

வருசா வருசம் என்னங்க பண்றது?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். நமக்கு அது மழைக்காலம். சுண்ணாம்பை முந்தின வாரம் அடித்தால் கரைந்து ஓடும். அக்டோபர் முதல் பாதியிலேயே புல் செதுக்கி, வெயிலுள்ள நாளில் அடித்துவிடுங்கள். மெழுகுவர்த்திக்குக் கண்ணாடிக் கூண்டு எடுத்துப்போங்கள். பூவுக்குச் செவ்வந்தியோ சம்பங்கியோ உதிரியாக வாங்குங்கள், பிளாஸ்டிக் வளையம் அடுத்த வருசமும் அங்கேயே கிடக்கும்.

இறந்த நாளை விட அவருடைய பிறந்தநாளையும் அவர்களுடைய கல்யாண நாளையும் குறித்து வையுங்கள். அந்த இரண்டு நாளும் அம்மா யாரிடமும் சொல்லாமல் தனியாக உட்கார்ந்திருப்பார். காலையில் ஒரு போன் போடுங்கள், முடிந்தால் நேரில் போய் அவருடைய பைபிளில் தேதி போட்ட ஒரு பக்கத்தை எடுத்து வாசியுங்கள்.